1956இல் கட்டின வீட்டின்ரை பேஸ்மென்றில் அறை போடுறது: முதலில் தண்ணியைப் பாருங்கோ

மாசி 11, 2018 (கேள்வி)

ரொறன்ரோ ஸ்காபரோவில் 1956இல் கட்டின பங்களோ ஒண்டு போன ஐப்பசியில் வாங்கினோம். பேஸ்மென்ற் (நிலத்துக்குக் கீழை உள்ள தளம்) வெறும் புளொக் சுவர், கொங்கிறீற் நிலம், ஒரு மூலையில் பழைய ரைல். ஆனியில் அப்பாவும் அம்மாவும் பெற்றோருக்கான நீண்டகாலச் சூப்பர் விசாவில் வருகினம். அதுக்கிடையில் ஒரு அறை, பாத்ரூம், சின்னக் குசினி போட்டு முடிக்கவேணும். அவையள் திரும்பிப் போன பிறகு வாடகைக்கும் விடலாம். ஒரு கொன்ராக்டர் ஐஞ்சு கிழமையில் முடிச்சுத் தாறன் எண்டுறார். என்ன கவனிக்கவேணும் எண்டு அனுபவப்பட்ட ஆராவது சொல்லுங்கோ. பேஸ்மென்ற் நல்லாக் காய்ஞ்சுதான் இருக்கு.

மாசி 11, இரவு (பதில்)

தம்பி, உங்கட கடைசி வசனம்தான் எனக்குப் பயம். ஐப்பசியில் வாங்கி மாசியில் பாக்கிறீங்கள். இன்னும் ஒரு பனி உருகேல்லை, ஒரு இடிமழை பெய்யேல்லை. நிலம் உறைஞ்சு கிடக்கேக்கை எந்தப் பேஸ்மென்றும் காய்ஞ்சுதான் இருக்கும்.

என்ரை வீடு 1958. 2006இல் வாங்கி, அடுத்த வருசமே ஒரு கொன்ராக்டரைப் பிடிச்சுப் பேஸ்மென்றை முடிச்சனான். புளொக் சுவரோடை ஒட்டி மரச்சட்டம், அதுக்குள்ளை கண்ணாடிப் பஞ்சு, அதுக்கு மேலை பிளாஸ்ரிக், பிறகு டிரைவோல் (ஜிப்சம் பலகை), கீழை கார்பெற். அவ்வளவு வடிவு. 2011 மாரியில் ஒரு மணம் வரத் தொடங்கிச்சு, ஈரச் சாக்கு மணம். கார்பெற்றைக் கழுவினோம், சாம்பிராணி போட்டோம். மகனுக்கு இரவிரவாய் இருமல். 2012 சித்திரையில் கட்டிலுக்குப் பின்னாலை ஒரு அடி டிரைவோலை வெட்டிப் பாத்தன். பஞ்சு நனைஞ்சு, பிழிஞ்சால் தண்ணி வாற மாதிரி. அடிச்சட்டம் கறுத்து, விரலால் அமத்தக் கேக் மாதிரி உள்ளுக்குப் போச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறது எண்டு சொல்லுறது இதைத்தான். சுவர் அழுதுகொண்டு இருந்திருக்கு, நாங்கள் அதுக்கு மேலை பெயின்ற் அடிச்சு வைச்சிருந்தோம்.

ஒரு வசந்தம் முழுக்க அந்தச் சுவரை வெறுமையாய் விட்டுப் பாருங்கோ. அப்பா அம்மா வந்தால் மேலை இருக்கட்டும்.

மாசி 12

காசில்லாத வேலை இரண்டு. இரண்டடிக்கு இரண்டடி தெளிந்த பிளாஸ்ரிக் துண்டை நிலத்தில் நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டுங்கோ, திகதியையும் அதிலை எழுதுங்கோ. இரண்டு நாளாலை அடிப்பக்கம் வேர்த்திருந்தால் மண்ணிலை இருந்து ஈரம் ஏறுது. மேல்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காத்தின் ஈரம். மற்றது, சுவரில் வெள்ளை மா மாதிரிப் படிஞ்சிருக்கோ எண்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கோ. இருந்தால் படம் எடுத்துப் போடுங்கோ.

மாசி 18

படம் பாத்தன். என்ரை மாமி தேத்தண்ணியோடை பின்னாலை நிண்டு எட்டிப் பாத்திட்டுச் சொன்னா, "உது உப்புப் பூத்திருக்கு. வல்வெட்டித்துறையில் எங்கட வீட்டுச் சுவரும் உப்பிடித்தான்." நான் பத்து நிமிசம் விளக்க இருந்ததை மாமி ஒரு வசனத்தில் முடிச்சிட்டா. பூஞ்சணம் இல்லைத் தம்பி, உப்பு. தண்ணி புளொக்குக்குள்ளாலை வரேக்கை சீமெந்தில் உள்ள உப்பைக் கரைச்சுக்கொண்டு வந்து, வெளியில் வந்ததும் தான் காய்ஞ்சு உப்பை விட்டிட்டுப் போகுது. அதாவது காய்ஞ்ச உங்கட சுவருக்குள்ளாலை தண்ணி வந்துபோயிருக்கு. எந்த உயரம் மட்டும் பூத்திருக்கு எண்டு பென்சிலால் கோடு போட்டு வையுங்கோ. தென்கிழக்கு மூலையில்தான் கூட இருக்கு, அதுக்கு நேர் மேலை கூரைத் தண்ணி வாற பீலிக் குழாய் இறங்குதோ எண்டும் வெளியில் போய்ப் பாருங்கோ.

பேஸ்மென்ற் உயரம் போதுமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நிலத்தில் இருந்து மேல்மரத்தின் அடி மட்டும் 79 அங்குலம். ஐஞ்சு வருசத்துக்கு மேற்பட்ட வீட்டில் இரண்டாவது குடியிருப்பு எண்டால் ஒன்ராறியோக் கட்டடச் சட்டம் கேக்கிறது 1.95 மீற்றர், ஏறத்தாழ 6 அடி 5. நிலத்தில் விரிக்கிற டிரைகோர் அடிப்பலகை முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, வைனல் கால், மேலை டிரைவோல் அரை. மிச்சம் 77 அங்குலத்துக்கு மேலை வரும். போதும். நிலத்தைக் கிண்டி அத்திவாரத்தை இறக்கிற யோசனையை விடுங்கோ. மூண்டு நாலு அடித் துண்டு துண்டாய்க் கிண்டி, ஒவ்வொரு துண்டும் இறுகும் மட்டும் காத்திருந்து செய்யிற வேலை அது. வீட்டையே தாங்கிற மண்ணைக் கிண்டுறது. அதுக்குப் போற காசுக்கு மேலை ஒரு அறை கூட்டலாம்.

பங்குனி 4

திருத்தம். மேலை சொன்ன உயரக் கணக்கை நம்பி ஒண்டும் வாங்காதேங்கோ.

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் நெருப்புத் தடுப்பு வேணும், சத்தமும் குறையவேணும். அதுக்கு ⅝ அங்குல டிரைவோலும் அதைத் தாங்கிற அரை அங்குல இரும்புச் சலாகையும் போடுகினம். இப்ப கணக்குப் பாருங்கோ: 79இல் டிரைகோர் ⅞, வைனல் ¼, போர்ட் ⅝, சலாகை ½ கழிச்சால் 76¾ அங்குலம். அது 1,949 மில்லிமீற்றரும் கொஞ்சமும். சட்டத்துக்கு அரை மில்லிமீற்றர் குறைவு! இரவு இதைப் போட்டுப் பாத்திட்டு நித்திரை வரேல்லை. என்ரை பிழையை நம்பி நீங்கள் சாமான் வாங்கியிருந்தால் என்ன செய்யிறது?

அதோடை பழைய வீட்டு நிலம் மட்டமாய் இராது. ஒரு இடத்தில் 79 எண்டால் தண்ணி இறங்கிற ஓட்டைக்குக் கிட்ட 79½ இருக்கும், நடுத்தூணுக்குக் கிட்ட 78½ இருக்கும். பத்து இடத்தில் அளந்து, ஆகக் குறைஞ்சதைத்தான் கணக்கில் எடுக்கவேணும். நிலம் உண்மையாய்க் காய்ஞ்சது எண்டால் டிரைகோரை விட்டிட்டு மெல்லிய அடிவிரிப்பில் வைனலைப் போடலாம், முக்கால் அங்குலம் மிஞ்சும். நிலம் காய்ஞ்சதோ எண்டு சொல்லப்போறது அந்தப் பிளாஸ்ரிக் துண்டுதான்.

பங்குனி 5

"பெர்மிற் எடுத்தால் வில்லங்கம், எடுக்காமல் செய்யிறவைதான் கூட" எண்டு உங்கட கொன்ராக்டர் சொன்னாராம். என்ரை ஆளும் 2007இல் அதைத்தான் சொன்னவர், அதே சொல்லு. மரச்சட்டம் அடிச்சு மூடமுதல் நகரசபை இன்ஸ்பெக்டர் ஒருக்கால் வந்து பாத்திருந்தால் என்ரை சுவர் அண்டைக்கே தப்பியிருக்கும். அவர் வந்து பாக்கிறதும் எங்கட காசுக்குத்தான். கரண்ட் வேலைக்குத் தனியாய் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபை வரும். இன்சூரன்ஸ்காரருக்கும் கீழை குடியிருப்பு வருது எண்டு முதலே சொல்லிவையுங்கோ. சாக்கடைத் தண்ணி திரும்பி வாறதுக்குக் காப்புறுதி தனியாய்ச் சேர்க்கவேணும், சும்மா வராது.

சித்திரை 16

தம்பி இரவு பத்து மணிக்கு ரெலிபோன் எடுத்தவர். மூண்டு நாளாய் உறைமழை, அதுக்கு மேலை இண்டைக்கு மழை. நிலம் இன்னும் இறுகிக் கிடக்குது, தண்ணிக்குப் போக இடமில்லை. வழுக்கல் றோட்டில் மெதுமெதுவாய் ஓடிப் போனன்.

தென்கிழக்கு மூலை. சுவரும் நிலமும் சேருற இடத்தில் நூல் மாதிரித் தண்ணி. சத்தமே இல்லை. ரோர்ச் அடிச்சால் மட்டும் மினுங்குது. புளொக்கில் கையை வைச்சன், கீழ் இரண்டு வரிசையும் குளிர்ந்து ஈரமாய், மூண்டாவது வரிசை காய்ஞ்சு. பென்சில் கோட்டுக்குச் சரியாய் அந்த இடத்தில்தான் ஈரம் நிண்டுது. வெளியில் போய்ப் பாத்தம். பீலிக் குழாய் முழங்கையோடை முடிஞ்சு, கூரைத் தண்ணி முழுக்கச் சுவரடியில் விழுகுது. அந்த இடத்து மண்ணும் வீட்டுப் பக்கம் சரிஞ்சிருக்கு.

இருந்த ஒரு துண்டுக் குழாயை மாட்டி ஆறடி தள்ளி விட்டிட்டு வந்து, உள்ளுக்கை கதிரை போட்டு இருந்தோம். ஒரு மணித்தியாலம் போக அந்த நூல் மெலிஞ்சுபோச்சு. நிக்கேல்லை, மெலிஞ்சுபோச்சு.

தம்பி சொன்னார்: "அண்ணை, ஐஞ்சு கிழமையில் முடிச்சிருந்தால் இதுக்கு மேலை கட்டில் போட்டிருப்பன்."

சித்திரை 17

கீழ் வரிசைப் புளொக்கில் ஓட்டை போட்டு உள்ளுக்கை நிக்கிற தண்ணியை வடிக்கலாம் எண்டு நேற்றுப் போகேக்கை சொன்னனான். புளொக் உள்ளுக்குப் பொந்து, தண்ணி கனநாளைக்கு அதுக்குள்ளை நிக்கும். சொன்னது சரி, ஆனால் பொறுங்கோ. துளைபோடாதேங்கோ.

அந்தக் காலத்து வீடுகளில் சிலதில் புளொக்குப் பொந்துக்குள்ளை வேர்மிகியூலைற் கொட்டியிருப்பினம், மினுங்கிற பொரி மாதிரிச் சாமான். கனகாலம் வந்ததில் பெரும்பகுதி மொன்ரானாவில் லிபி எண்ட ஊர்ச் சுரங்கத்துச் சரக்கு, அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. துளைபோட்டால் உங்கட மூஞ்சியில்தான் கொட்டும். மூலையில் இருக்கிற அந்த ஒன்பது அங்குலச் சதுர ரைலும் அதை ஒட்டின கறுப்புப் பசையும் அதே சந்தேகம்தான். நீங்களாய் உடைக்காமல், சுரண்டாமல், தெரிஞ்ச ஆளைக் கொண்டு மாதிரி எடுப்பிச்சு ஆய்வுகூடத்துக்குக் குடுங்கோ. அசையாமல் கிடந்தால் ஆபத்தில்லை, மூடிவிடலாம். இடிக்கிற அண்டைக்குத்தான் ஆபத்து. 2012இல் நான் என்ரை ரைலைச் சுத்தியலால் உடைச்சு, மனிசி கூட்டி அள்ளினவ. பிள்ளையளும் அந்தத் தூசிக்குள்ளை நிண்டவை. அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறும்.

வைகாசி 27

ஆய்வுகூட முடிவு: ரைலில் அஸ்பெஸ்ரஸ் இருக்கு, பசையிலும் இருக்கு. மூடுறது எண்டு முடிவு. புளொக்குக்குள்ளை ஒண்டும் இல்லை, வெறும் பொந்து. நல்லது.

இப்ப அடுத்த கேள்வி, வெளியாலை கிண்டுறதோ உள்ளாலை செய்யிறதோ. உள்ளுக்கு நீர்காப்புப் பெயின்ற் அடிச்சால் போதும் எண்டு போன கிழமை ரெலிபோனில் சொல்லியிருந்தனான். யோசிச்சுப் பாக்க அது பிழை. தண்ணி வெளியில் இருந்து தள்ளுது, பெயின்ற் உள்பக்கம் இருக்கு, கொஞ்ச வருசத்தில் கொப்புளிச்சுக் கழரும். தண்ணியைச் சுவருக்கு வரமுதல் மறிக்கிறதுதான் வேலை.

அந்தக் காலத்து வீட்டுக்கு அத்திவாரத்தைச் சுத்தி வீப்பிங் ரைல் எண்டு, மண்ணின் தண்ணியை வடிக்கிற சுட்ட மண்குழாய் ஓடும். அறுபது வருசத்தில் அது மண் அடைச்சு, வேர் பூந்து, நொருங்கியிருக்கும். கமரா விட்டுப் பாருங்கோ. கனக்க வீட்டில் அந்தக் குழாயைச் சாக்கடையோடையே இணைச்சிருக்கினம், அதுதான் பெரிய இடிமழையில் வில்லங்கம். 2013 ஆடி 8 நினைவிருக்கோ? பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. எற்றோபிக்கோவில் என்ரை சிநேகிதன் வீட்டில் தண்ணி சுவராலை வரேல்லை, நிலத்து ஓட்டையாலை வந்தது. றோட்டுச் சாக்கடை நிறைஞ்சு திரும்பி வந்தது. அந்த நாத்தத்தைப் பற்றி எழுதமாட்டன்.

என்ரை வரிசை இதுதான்: பீலி, மண் சரிவு, யன்னலுக்கு வெளியில் உள்ள குழி. பிறகு கமரா. பிறகும் ஈரம் வந்தால் அந்த ஒரு சுவரை மட்டும் வெளியாலை கிண்டுங்கோ. நாலு பக்கமும் கிண்டச் சொல்லுறவரிட்டை ஏன் எண்டு கேளுங்கோ. முதல் இரண்டுக்கும் ஒரு சனிக்கிழமையும் கொஞ்ச மண்ணும் காணும்.

ஆனி 10

அப்பாவும் அம்மாவும் வந்திட்டினம். மேலை இருக்கினம். அப்பா முதல் வேலையாய் மண்வெட்டி எடுத்துச் சுவரடி மண்ணை அடிச்சுச் சரிவாக்கியிருக்கிறார். "வளவுத் தண்ணி வீட்டுப் பக்கம் வரக்கூடாது எண்டு இவங்களுக்குத் தெரியாதோ" எண்டு கேட்டவராம்.

ஆவணி 8

நேற்று இரவு மழை ரொறன்ரோ நடுநகரத்தில். ஒரு கட்டடத்து அடித்தளத்தில் லிப்டுக்குள்ளை இரண்டு பேர் மாட்டுப்பட்டு, தண்ணி கழுத்து மட்டும் ஏற, பொலிஸ் நீந்திப் போய் மீட்டிருக்கு. நிலத்துக்குக் கீழை சனம் இருக்கிற இடத்தில் தண்ணி எவ்வளவு கெதியாய் ஏறும் எண்டதுக்கு வேறை சாட்சி வேண்டாம். எங்கட பக்கம் மழை குறைவு, தம்பி வீட்டு மூலை காய்ஞ்சு இருக்காம்.

பக்வோட்டர் வால்வு போடுறது எண்டு முடிவெடுத்த தம்பிக்கு ஒண்டு சொல்லவேணும். சாக்கடைத் தண்ணி திரும்பி வந்தால் அந்த வால்வு மூடும். மூடினால் உங்கட தண்ணியும் வெளியில் போகாது! மேலை ஆரும் குளிச்சால், உடுப்புத் தோய்ச்சால், அது உங்கட பேஸ்மென்றுக்குத்தான் வரும். இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் இரண்டு பேருக்கும் சொல்லி வைக்கவேணும். என்ரை வீட்டில் குளியலறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறன்: இடிமழைக்குத் தண்ணி திறக்காதேங்கோ. அதே காரணத்தால் வீப்பிங் ரைலையும் சாக்கடையில் இருந்து வெட்டி, குழியில் சேருற தண்ணியை வெளியில் இறைக்கிற சம்ப் பம்புக்கு விடவேணும். இல்லாட்டி வால்வு மூடின நேரம் அத்திவாரத் தண்ணி போக வழியில்லாமல் உள்ளுக்கை ஏறும். சம்ப் பம்புக்கு பற்றறியும் வேணும், இடிமழையில்தான் கரண்ட் போறது.

2018இல் நகரசபை வால்வுக்கு 1,250, பம்புக்கு 1,750, குழாய் வெட்டி மூட 400, எல்லாமாய் 3,400 டொலர் வரைக்கும் திருப்பித் தந்தது, செலவில் 80 வீதம். பீலி சாக்கடையில் இருந்து கழட்டி இருக்கவேணும் எண்டது நிபந்தனை. உங்கட பீலி முதலே சாக்கடையோடை இல்லை.

ஐப்பசி 21

யன்னல். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் 1993இல் வந்தனான். ஒரு பேஸ்மென்றில் ஆறு பேர். என்ரை மெத்தை வீட்டைச் சூடாக்கிற ஃபேர்ணஸுக்குப் பக்கத்தில். யன்னல் எண்டது சுவர் உச்சியில் ஒரு நீட்டுத் துண்டு, வெளியில் இரும்புக் கம்பி. மாரியில் பனி மூடினால் பகலோ இரவோ தெரியாது. கையாலை சுவரைத் தடவித்தான் சுவிட்சைத் தேடுவன். ஒரு நாள் மேல்வீட்டில் சட்டி எரிஞ்சு புகை படியாலை கீழை இறங்கினது. ஒரே ஒரு படி. ஆறு பேரும் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். மேலை அக்கா நெருப்பை அணைச்சிட்டு வந்து கதவைத் திறக்க ஐஞ்சு நிமிசம் ஆகியிருக்கும். இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகும் அந்தக் கம்பியின் துரு என்ரை உள்ளங்கையில் இருக்கிற மாதிரி.

ஆனபடியால் இதில் நான் விட்டுக்குடுக்கமாட்டன். ஆள் வெளியேறுற யன்னலுக்கு திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சாவி இல்லாமல், கருவி இல்லாமல் உள்ளுக்கிருந்து திறக்கவேணும். 380 எண்டது 15 அங்குலம். ஒரு காட்போட் மட்டையில் அதை வெட்டி உங்கட அப்பாவைப் பூந்து பாக்கச் சொல்லுங்கோ. அவர் கஷ்டப்பட்டால் சட்டம் போதாது, பெரிசாய் வெட்டுங்கோ.

ஒண்டு விட்டிட்டன். யன்னலுக்கு வெளியில் குழி இருந்தால் யன்னலுக்கு முன்னாலை 550 மில்லிமீற்றர் இடம் வேணும். யன்னல் பெரிசாய் இருந்து குழி ஒடுக்கமாய் இருந்தால் ஆள் பாதியில் மாட்டுப்படும். குழிக்கு அடியில் கல் போட்டு வடிகாலோடை இணைக்கவேணும், இல்லாட்டி நீங்கள் ஒரு தொட்டி கட்டினமாதிரி.

புகை எச்சரிக்கை மணி மேலையும் கீழையும் இணைஞ்சதாய் வேணும், ஒண்டு அடிச்சால் எல்லாம் அடிக்கும். படுக்கை அறைக்குக் கிட்ட கார்பன் மொனொக்சைட் மணியும் வேணும், அது ஒன்ராறியோவில் 2014 ஐப்பசியில் இருந்து கட்டாயம். ஃபேர்ணஸுக்குப் பக்கத்தில் படுத்தவன் சொல்லுறன்.

மார்கழி 9

சுவரைப் பற்றிக் கேட்டவைக்கு. 2007இல் என்ரை சுவர் ஏன் அழுகினது எண்டால், மாரியில் அறையின் சூட்டுக்காத்து இடுக்காலை பூந்து குளிர்ந்த புளொக்கில் பட்டு வேர்க்கும். கோடையில் புளொக்கின் ஈரம் உள்ளுக்கு வந்து பிளாஸ்ரிக்கில் பட்டு வேர்க்கும். இரண்டு பக்கத்தாலையும் நனையும், ஒரு பக்கத்தாலையும் காயாது.

2014இல் திருப்பிச் செய்யேக்கை இரண்டு அங்குல நுரைப்பலகையைப் புளொக்கோடை நேரே ஒட்டி, பொருத்து எல்லாத்துக்கும் ரேப் போட்டு, அதுக்கு முன்னாலைதான் மரச்சட்டம். பிளாஸ்ரிக் போடேல்லை. இரண்டு அங்குல நுரையே அந்த வேலையைச் செய்யும் எண்டு இன்ஸ்பெக்டரிட்டை முதலே காட்டி ஒப்புதல் வாங்கினனான். மரச்சட்டத்தின் அடிமரத்துக்குக் கீழை நுரைப்பட்டி, கொங்கிறீற்றில் மரம் படக்கூடாது. நுரைப்பலகை எரியும், அதை டிரைவோலால் மூடாமல் விடக்கூடாது. இண்டை வரைக்கும் மணம் இல்லை. மகனுக்கு இருமலும் இல்லை.

ராடோன் சோதனைப் பெட்டியும் இப்பவே வையுங்கோ. மண்ணிலை இருந்து வாற வாயு, மணமில்லை, நிறமில்லை. புகைத்தலுக்கு அடுத்ததாய் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். மூண்டு மாசம், மாரியில், யன்னல் பூட்டிக் கிடக்கேக்கை வைக்கவேணும். கனடா சுகாதாரத் திணைக்களத்தின் எல்லை ஒரு கன மீற்றர் காத்துக்கு 200 பெக்கரல். அதுக்கு மேலை எண்டால் நிலத்துக்குக் கீழை குழாய் விட்டு விசிறியால் இழுத்து வெளியில் விடவேணும், அதை நிலம் போடமுதல் செய்யிறது சுகம்.

மார்கழி 10

"சாக்கடை மணம் வருது, வால்வு பிழையோ" எண்டு இன்னொருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இல்லை. நிலத்து ஓட்டையின் வளைவில் நிக்கிற தண்ணி காய்ஞ்சிருக்கும். ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ. மாசம் ஒருக்கால்.

பங்குனி 17, 2019

இந்த வருசப் பனியும் உருகுது. தம்பி வீட்டில் நேற்றுப் பின்னேரம் நிண்டனான். தென்கிழக்குச் சுவரை மட்டும் ஐப்பசிக் கடைசியில் வெளியாலை கிண்டி, புதுக்குழாய், புது நீர்காப்பு. பென்சில் கோடு அப்பிடியே இருக்கு, அதுக்குக் கீழை சாம்பல் நிறமாய்க் காய்ஞ்ச புளொக். நிலத்தில் திகதி எழுதி ஒட்டினதில் இது எட்டாவது பிளாஸ்ரிக் துண்டு, இரண்டு பக்கமும் காய்ஞ்சு. ராடோன் முடிவு 88. டிரைகோர் வேண்டாம் எண்டு முடிவு, ஆகக் குறைஞ்ச இடத்திலும் உயரம் 1.95க்கு மேலை வருது. பெர்மிற் சுவரில் ஒட்டியிருக்கு.

அவரின்ரை அம்மா வெட்டின யன்னலுக்குக் கீழை கதிரையைப் போட்டு வெயில் காய்ஞ்சுகொண்டு இருந்தா. "அறை கட்டமுதலே இது நல்லாயிருக்கு, இப்பிடியே விடுங்கோவன்" எண்டு சொன்னா.

மரச்சட்டம் அடிக்கிறது வாற சனிக்கிழமை. தம்பி, லேசர் லெவலை வாடகைக்கு எடுக்காதேங்கோ, என்னட்டை இருக்கு. ஏழு மணிக்கு வருவன்.